ஏத்தன் குலையும் வேட்பாளரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிறிஸ்தவர்களுக்கு அரசியல் எதற்கு, ஜெபித்துக்கொண்டு சும்மா இருந்தால் போதாதா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் அவர் சொல்லும் முடிவை ஏற்க முடியவில்லை.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் பொருள்களை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். மரச்சீனி, சக்கை, தேங்காய், காலைக் கட்டிய கோழி, ஒரு பாட்டி முந்தானையில் பொதிந்து கொண்டுவரும் நாலு முட்டை. என் சின்ன வயதில் ஏலத்தில் முட்டையை எடுத்தவர் அதை மறுபடி காணிக்கையாக வைத்துவிடுவார். அது இன்னொரு முறை ஏலம் போகும், அப்புறம் இன்னொரு முறை. சிரிப்பும் கேலியுமாக மத்தியானம் ஆகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், தேர்தல் நெருங்கிய நேரம். ஒரு ஏத்தன் வாழைக்குலைக்கு இரண்டு கட்சிக்காரர்கள் போட்டி போட்டார்கள். எங்களில் யாரும் வாய் திறக்க முடியாத தொகைக்கு அது போனது. எடுத்தவர் வேட்பாளரை நடுவில் நிறுத்தி, குலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். கமிட்டிக்காரர்களுக்குச் சந்தோஷம், கோபுர வேலைக்குப் பணம் வேண்டுமே. முட்டையின் முறை வந்தபோது பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். பாட்டி போகவில்லை.

அடுத்த ஞாயிறு எதிரணி வேட்பாளர் வந்தார். பிரசங்கம் பாதியில் நின்றது. பொன்னாடை போர்த்தினார்கள், ஐந்து நிமிடம் என்று மைக்கை வாங்கியவர் இருபது நிமிடம் பேசினார். கோயில், மசூதி, சர்ச் எதையும் பிரசார மேடை ஆக்கக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. வழிபாட்டு இடங்களை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-லேயே சட்டம் இருக்கிறது. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது முறைகேடு என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வும் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. இதெல்லாம் எங்கள் கமிட்டியில் இருக்கும் வக்கீலுக்குத் தெரியாததா? பொன்னாடை போர்த்தியதே அவர்தான்.

2011 கணக்கெடுப்பில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு. வேட்பாளர்கள் வாசலில் வரிசை கட்டுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 1982-இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை நாங்கள். மதத்தை வைத்து ஓட்டை எண்ணுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பயம்தான்.

சரி, அதற்காக அரசியலையே கைகழுவிவிட முடியுமா? தாழ்ந்த சாதி என்று சொல்லி, மேல்துணி போட்டதற்காக நம் பெண்களைப் பிடித்து அதைக் கிழித்தெறிந்த ஊர் இது. 1822-இல் கல்குளம் பக்கம் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம், 1859 ஜூலை 26 அன்று, அப்போது இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு மேல்துணி போடலாம் என்று அறிவிப்பு வெளியிடும்வரை நீண்டது. அந்த அறிவிப்பிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி! அந்தப் பெண்கள் ஜெபிக்காமலா இருந்தார்கள்? ஜெபித்தார்கள். மேல்துணியையும் கழற்றவில்லை. இதைக் கிறிஸ்தவர்கள் மட்டும் சொந்தம் கொண்டாடவும் கூடாது. சாமித்தோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டர், அந்த உரிமை மறுக்கப்பட்டிருந்த தம் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னதும் அதே காலத்தில்தான். அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி மிஷனரிகள் 1847-இல் மன்னருக்கு மனு கொடுத்தார்கள், 1855-இல் அது ஒழிந்தது.

அவ்வளவு பழைய கதைக்குப் போக வேண்டியதில்லை. ஒக்கி புயலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி 2017 டிசம்பரில் கடற்கரைப் பங்கு மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்களே, அதுவும் அரசியல்தான். அன்று எங்கள் சபையிலிருந்து எத்தனை பேர் போனோம் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கடலரிப்பைப் பற்றி, மலையை உடைக்கும் குவாரியைப் பற்றி ஒரு கேள்வி கேட்க நமக்கு வாய் வருவதில்லை. கழுத்தில் போடப் பொன்னாடை மட்டும் தயாராக இருக்கிறது.

இந்த ஆண்டுப் பண்டிகைக்கு முன்பாகக் கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். வேட்பாளர் வந்தால் எல்லோரையும் போலப் பெஞ்சில் உட்காரட்டும், மைக் வேண்டாம். ஏலத்தை முட்டையிலிருந்து தொடங்க வேண்டும். பதில் இன்னும் வரவில்லை.

– ஓய்வு பெற்ற ஆசிரியை, தக்கலை