உலோக அச்சு வந்துவிட்டது, சோதனைக் கூடம் எப்போது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளி, பாதுகாப்புத் துறைகளில் முப்பரிமாண உலோக அச்சு பற்றிய செய்திகள், அதாவது உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிப் பாகம் செய்யும் முறை பற்றிய செய்திகள், இப்போது அடிக்கடி வருகின்றன. பாகம் எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது, எடை எவ்வளவு குறைந்தது என்பதே அவற்றில் பெரிதாகப் பேசப்படுகிறது. அச்சிட்ட பாகத்தை நம்பிப் பறக்கவிட வேறு என்னென்ன வேண்டும் என்பது விடுபட்டுப் போகிறது. கோவை, ஓசூர் பக்கத்துச் சிறு பட்டறைகளும் இந்தத் தொழிலைப் பற்றி யோசிக்கும் நேரம் இது. அதனால்தான் இந்தக் கடிதம்.

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் 2024 மே 9 அன்று, பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலை எஞ்சினை அச்சு முறையில் செய்து 665 விநாடி எரியவிட்டுச் சோதித்தது இஸ்ரோ. 14 பாகங்களாக இருந்தது ஒன்றாயிற்று. 19 வெல்டிங் இணைப்புகள் ஒழிந்தன. முன்பு ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ உலோகம் தேவைப்பட்டது, இப்போது 13.7 கிலோ தூள் போதும். தயாரிப்பு நேரமும் 60 விழுக்காடு குறைந்தது. அதே மே 30-ஆம் தேதி, சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவியது. இரண்டும் நாம் மனதாரப் பெருமைப்பட வேண்டிய வேலைகள்.

எல்லோரும் எடுத்துச் சொன்னது 13.7 கிலோ என்ற எண்ணை. எங்கள் கண்ணில் பட்டது 19. வெல்டிங் இணைப்பு என்றால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். எக்ஸ்ரே எடுக்கலாம், சாயம் தடவி விரிசல் பார்க்கலாம், சரியில்லை என்றால் அறுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். லேசர் தூளை உருக்கிப் பிடிப்பதும் ஒருவகை வெல்டிங்தானே. அடுக்கு 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கோட்டுக்குக் கோடு இடைவெளி 100 மைக்ரான் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கிலோ நிக்கல் கலவையை அச்சிட லேசர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கோடு இழுக்க வேண்டும். 19 இடத்தில் தேடிய குறையை இனி அந்த 30 கிலோமீட்டரிலும் தேட வேண்டியிருக்கிறது.

குறைகள் பெரும்பாலும் எப்படி வருகின்றன? லேசரின் சக்தி போதாமல் போனாலோ, தூள் ஓரிடத்தில் தடிப்பாகப் படிந்தாலோ, மேலடுக்கு கீழடுக்கோடு சேராமல் தட்டையான பிளவு நிற்கும். அதன் ஓரம் கூர்மையானது. உள்ளே உருகாத தூள் மணிகள் அப்படியே கிடக்கும். சக்தி கூடிப்போனால் உருகிய குட்டையில் ஆழமான குழி விழுந்து மூடிக்கொள்ளும். அடியில் உருண்டையாக ஒரு காற்றறை தங்கும். இரண்டில் முதலாவதுதான் ஆபத்து. அதை வைத்துக்கொண்டே பாகம், ஒரே முறை இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனையில் தேறிவிடக்கூடும். ஆனால் லட்சக்கணக்கான முறை அதிர்ந்து அதிர்ந்து, ஒருநாள் அந்தக் கூர்முனையிலிருந்து விரிசல் கிளம்பும். இழுவைச் சோதனைச் சான்றிதழ் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விமானப் பாகம் விற்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அச்சு முடிந்து வெளியே வரும் பாகம் பாதி வேலை முடிந்த பாகம்தான். அச்சின்போது பாகம் ஒட்டி நிற்கும் அடித்தட்டான பில்ட் பிளேட்டிலிருந்து அதை அறுக்கும் முன்னரே உலையில் வைத்து, சூடேறிக் குளிர்ந்ததில் தங்கிய உள்ளழுத்தத்தைத் தணிக்க வேண்டும். அவசரப்பட்டு முதலில் வயர்கட்டில் (மின்கம்பியால் அறுக்கும் இயந்திரத்தில்) அறுத்தால், அறுபட்ட பக்கம் வில் போல் நிமிர்ந்துவிடும். மில்லிமீட்டர் கணக்கில் அளவு போய்விடும். அதற்கும் முன்னதாக உள்ளே தங்கிய தூளை வெளியேற்ற வேண்டும். குளிரூட்டும் குழாய் ஒரு மில்லிமீட்டர் அகலம், நாலு வளைவு என்றால் தூள் எளிதில் வராது. அதிர்வு மேசையில் திருப்பித் திருப்பித் தட்ட வேண்டும். எஞ்சியதைக் கவனிக்காமல் உலையில் ஏற்றினால் தூள் இறுகிக் கல்லாகும். அதன் பிறகு அந்தக் குழாயைத் திறக்க வழியே இல்லை. உலைக்குப் போகும் முன் எடை பார்த்து, கணினி வரைபடத்தின் கணக்கோடு ஒப்பிடுவது நல்ல பழக்கம். பல கிராம் கூடுதலாக இருந்தால் தூள் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது ஆர்கான் வாயுவை நிரப்பிய உயரழுத்த உலை. டைட்டானியம் கலவை என்றால் 920 டிகிரி அளவில், 100 மெகாபாஸ்கல் அழுத்தத்தில், இரண்டு முதல் நான்கு மணி நேரம். காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்கு அழுத்தம் நாலாபக்கமும் அமுக்கும்போது உள்ளே இருக்கும் துளைகள் மூடிக்கொள்ளும். மேற்பரப்பைத் தொடும் துளை மட்டும் மூடாது. ஆர்கான் அதன் வழியே உள்ளே நுழைந்துவிடும். சி.டி. ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. பாகம் தடிக்கத் தடிக்கச் சிறு குறை கண்ணுக்குத் தப்பும், நிக்கல் கலவையில் இன்னும் அதிகம். எனவே ஒவ்வோர் அச்சிலும் பாகத்தின் பக்கத்திலேயே மாதிரித் தண்டுகளையும் சேர்த்து அச்சிட்டு, அதே உலைகளில் ஏற்றி, பிறகு அவற்றை முறித்துப் பார்க்க வேண்டும். விண்வெளிக்கான அச்சுப் பாகங்களுக்கென நாசா 2021-ல் வெளியிட்ட 6030 என்ற தரநிலை, பாகம் உடைந்தால் விளையும் கேட்டை வைத்து அதை வகை பிரிக்கிறது. தூள், இயந்திரம், உலை என்று ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே உறுதி செய்து, பிறகு மாற்றாமல் வைத்திருக்கச் சொல்கிறது. செலவு பிடிக்கும் வேலை, சரியான வேலை.

தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லேசர் இயந்திரத்துக்கு வழக்கமாக 15 முதல் 45 மைக்ரான் வரையிலான மணிகள். உருகாத தூளைச் சலித்து மறுபடி பயன்படுத்துவார்கள். டைட்டானியத் தூள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். வழக்கமான தரத்துக்கு மேல்வரம்பு 0.20 விழுக்காடு, உயர்தரத்துக்கு 0.13. அதைத் தாண்டினால் உலோகம் நொறுங்கும் தன்மை பெறும். ஒரே இயந்திரத்தில் இன்று அலுமினியம், நாளை நிக்கல் என்று மாற்றுவது பணத்தை மிச்சப்படுத்துவதுபோல் தெரியும். எவ்வளவு துடைத்தாலும் மூலையில் ஒரு சிட்டிகை தங்கும். தூளின் சுத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023-ஐப் பாருங்கள். பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் ஜி.டி.எஃப். எஞ்சின்களில், உலோகத்தூளில் கலந்த மாசு காரணமாக டர்பைன் வட்டுகளைப் பரிசோதிக்க வேண்டிவந்தது. உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் பறக்காமல் தரையில் நிறுத்தப்பட்டன. இண்டிகோவின் விமானங்களும் அவற்றில் அடக்கம். அந்த வட்டுகள் லேசரில் அச்சிட்டவை அல்ல, தூளை அழுத்தி அடித்துச் செய்தவை. மூலப்பொருள் ஒன்றே என்பதால் பாடம் நமக்கும் பொருந்தும்.

தீ அபாயமும் உண்டு. அச்சு அறையின் வடிகட்டியில் படியும் கரி போன்ற நுண்தூள் காற்றுப் பட்டாலே பற்றக்கூடியது. வடிகட்டி மாற்றும் நேரத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். எரியும் டைட்டானியத்தில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ பெருகும். உலோகத் தீக்கு என்றே உள்ள அணைப்பான் பட்டறையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

பாதுகாப்புத் துறையில் பழைய விமானங்களுக்குக் கிடைக்காத உதிரிபாகங்களை ஸ்கேன் செய்து அச்சிடலாம் என்ற ஆசை பலருக்கு. ஸ்கேன் வடிவத்தைத்தான் தரும். அந்தப் பாகம் வார்த்ததா, அடித்துச் செய்ததா, எந்தப் பதத்தில் சூடுபடுத்தியது என்பதைத் தராது. காற்றுக் குழாய், மூடி, கம்பி தாங்கி போன்றவற்றில் தொடங்கிக் கை பழகலாம். சுமை தாங்கும் பாகங்களுக்கு ராணுவ விமானத் தகுதிச் சான்று தரும் செமிலாக் அமைப்பை வரைபடக் கட்டத்திலேயே அணுகுவது நல்லது. பாகத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய்ச் சான்று கேட்பது காலத்தையும் காசையும் கரைக்கும்.

இனி எங்கள் கோரிக்கை. உயரழுத்த உலை, வெற்றிட உலை, சி.டி. ஸ்கேன், தூளின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி, திரும்பத் திரும்பச் சுமை கொடுத்துப் பார்க்கும் களைப்புச் சோதனை இயந்திரம் ஆகிய ஐந்தையும் ஒரு சிறு நிறுவனம் தனியாக வாங்க முடியாது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து மையங்கள் உள்ளன. அவற்றில் ஓரிடத்திலாவது இந்த ஐந்தும் ஒரே கூரையின்கீழ், வாடகைக்குக் கிடைக்கும்படி அமைய வேண்டும். சோதனைக் கட்டமைப்புக்கு 75 விழுக்காடு வரை மானியம் தரும் திட்டத்தை மத்திய அரசு 2020-ல் தொடங்கியது. அச்சுத் தொழிலுக்கென்று மாநில அரசு அத்தகைய உதவியைக் கேட்டுப் பெற வேண்டும். கூடவே, உலையையும் ஸ்கேனையும் படிக்கத் தெரிந்த ஆட்களை உருவாக்க, பாலிடெக்னிக்குகளில் ஆறு மாதப் பயிற்சி தொடங்க வேண்டும். இயந்திரத்தை ஓட்ட இரண்டு வாரத்தில் பழகிவிடலாம். ஸ்கேன் படத்தில் தெரியும் கரும்புள்ளி துளையா, நிழலா என்று பிரித்தறிய அந்த ஆறு மாதம் தேவைப்படும்.

இப்படிக்கு,
உலோக அச்சுத் தொழிலில் உள்ள பொறியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.