கொள்ளு வாளியோடு வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊறவைத்த கொள்ளை வாளி நிறையச் சுமந்துகொண்டு நீ வந்தபோது, லாயத்து வாசலிலேயே உன்னைத் தடுத்து நிறுத்தினேன். விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம் என்ற நிலையில், பட்டினியிலிருந்து மீட்கப்பட்டு வந்து நின்ற அந்தக் குதிரைக்கு முன்னால் காய்ந்த குதிரை மசால் என்ற தீவனப் பயிர் கொஞ்சம் மட்டும் கிடந்ததைப் பார்த்து, "இதுவும் பட்டினி போடுவதுதானே அக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாய். உன் கேள்வி நியாயமானது. அதனால்தான் எழுதுகிறேன்.

நெடுநாள் பட்டினி கிடந்த உடல், தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் உயிரைப் பிடித்துவைத்திருக்கும். அந்த நிலையில் மாவுச்சத்து மிகுந்த கொள்ளையோ தவிட்டையோ வயிறாரக் கொடுத்தால், இரத்தத்தில் இன்சுலின் சட்டென்று உயர்ந்து, ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அவை வற்றியதும் இதயமும் மூச்சும் தடுமாறும். காப்பாற்றப்பட்ட குதிரை, நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய மூன்று முதல் ஐந்து நாளுக்குள் விழுந்து இறப்பது பெரும்பாலும் இப்படித்தான். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக் கால்நடை மருத்துவர்கள் பட்டினியால் மெலிந்த குதிரைகளுக்குப் பலவகைத் தீவனங்களைக் கொடுத்துப் பார்த்து, மாவுச்சத்து குறைவாகவும் புரதமும் தாதுக்களும் நிறைவாகவும் உள்ள குதிரை மசாலே பாதுகாப்பானது என்று கண்டார்கள். முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அரைக் கிலோ. பிறகு சிறிது சிறிதாகக் கூட்டிப் பத்தாம் நாள்வாக்கில்தான் விரும்பிய அளவுக்கு விடலாம். நீ பார்த்தது இரண்டாம் நாள். நடுராத்திரியில் அது காலித் தொட்டியை மூக்கால் தள்ளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுத்த வேளைக்காகக் காத்திருப்பது எனக்கும் எளிதாக இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடற்கரையில் சவாரிக்கு ஓடிய குதிரை அது. அதன் சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து வைத்தபோது, அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மணல் படிந்தது. பசியில் மணலோடு சேர்த்து மேய்ந்திருக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், உள்ளே போனது எதுவானாலும் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்தக் குடலை அவசரப்படுத்த எனக்குத் துணிவு வரவில்லை.

இன்று பன்னிரண்டாம் நாள். இடுப்பெலும்பு இன்னும் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. உடம்பு தேறப் பல மாதங்கள் ஆகும். ஆனால் நேற்றுக் காலை அதன் பிடரியிலும் இடது விலாவிலும் வைக்கோல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நின்றபடியே கண்ணயரக்கூடிய குதிரை, ஆழ்ந்து தூங்க வேண்டுமானால் படுத்தாக வேண்டும். பயம் இருக்கும் இடத்தில் அது படுக்காது. வந்த நாளிலிருந்து அன்றுதான் படுத்து, தானாகவே எழுந்தும் இருக்கிறது. அந்த வைக்கோலைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

வரும் சனிக்கிழமை லாடம் கட்டுபவர் வருகிறார். வளைந்து நீண்டுவிட்ட குளம்பை ஒரே நாளில் வெட்டிவிட முடியாது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், முழுக்கப் புதுக் குளம்பு வர ஓராண்டு ஆகும். முகத்தருகே கை போனால் இன்னும் மிரள்கிறது. ஆகவே தோள்பக்கம் நின்று, தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நீ வா. அந்த வாளியையும் எடுத்து வா. கொள்ளுக்கு இன்னும் நாளாகும், குளம்பை ஊறவைக்க வாளி தேவைப்படும்.

அன்புடன்,
அக்கா