மோலினாவின் மீதிக் கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓசோன் என்றாலே வேதியியலாளர்கள் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையோடு கதையை முடித்துவிடுகிறோம். எனக்கென்னவோ அதற்கு முன்னும் பின்னும் மோலினா செய்ததுதான் சுவாரசியம். மெக்சிகோவில் பிறந்த அவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பிமென்டலிடம் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது வேதி லேசர், அதாவது வேதிவினையின் ஆற்றலில் இயங்கும் லேசர். வினையில் பிறக்கும் மூலக்கூறுகளுக்குள் ஆற்றல் எப்படிப் பங்காகிறது என்ற கேள்வி, வளிமண்டலம் பக்கமே போகவில்லை. 1973-இல் அதே கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்துக்கு, ரோலண்டிடம் போனார், ஃபிரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று தேடினார், சில மாதங்களில் விடை கிடைத்தது: வளிமண்டலத்தின் மேலடுக்கில் புற ஊதாக் கதிர் பட்டு உடைகிறது, அதிலிருந்து வரும் குளோரின் அணு ஓசோனை அழித்துவிட்டு மறுபடி அணுவாகவே திரும்பி அடுத்ததைப் பிடிக்கிறது.

சரி, 1985-இல் அண்டார்க்டிகா ஓட்டை தெரியவந்தபோது அந்தக் கணக்கு மட்டும் போதவில்லை. அப்புறம்தான் உறைகுளிரில் இருந்த பனிக்கட்டிப் பரப்பின் மேல் ஹைட்ரஜன் குளோரைடும் குளோரின் நைட்ரேட்டும் சேர்ந்து குளோரின் வாயுவை விடுவிப்பதை அவர் குழு ஆய்வகத்தில் காட்டியது. 1995 நோபலைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள், அந்தப் பனிக்கட்டிச் சோதனைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்