சிகாகோவில் என் லெம்மாவைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

போன வாரம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த மிட்வெஸ்ட் கம்ப்யூட்டபிலிட்டி (கணினியால் எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது என்று ஆராயும் கணிதத் துறை) செமினாரில் பேசிவிட்டு வந்தேன். என் முதல் உரை. தனித்தனியாக மெயில் போட்டால் யாராவது விட்டுப்போகும் என்பதால் இந்தப் பொது மடல்.

முதல் நன்றி காருக்கு. மேடிசனிலிருந்து இருட்டோடு கிளம்பி என்னை அழைத்துப் போன சீனியர், வழியெல்லாம் என் உரையை இரண்டு தடவை கேட்டார். "ரெண்டாவது லெம்மாவை மட்டும் ஏன் இவ்வளவு அவசரமா சொல்றே?" என்றார். லெம்மா என்றால் பெரிய தேற்றத்துக்குப் படிக்கட்டாக நிற்கும் சிறு தேற்றம். நான் டிராஃபிக்கைப் பார்ப்பதுபோல் இருந்துவிட்டேன்.

இண்டியானாவில் உள்ள நோட்ர டாம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நண்பர்களுக்கும் நன்றி. காலையில் நேர மண்டலம் மாறுவதால் அவர்களுக்கு ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது அது போய்விடும். அப்படியும் கடைசி உரை முடியும்வரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

அப்புறம் அந்தக் கேள்வி. கணினியால் தீர்க்க முடியாத சிக்கல்களில் நடுத்தரக் கடினம் கொண்டவை உண்டா என்று தர்க்கவியலாளர் எமில் போஸ்ட் 1944இல் எழுப்பிய சிக்கலை 1956, 57இல் முச்னிக், ஃப்ரீட்பெர்க் என்ற இரு கணிதவியலாளர்கள் தனித்தனியாகத் தீர்த்த முறையைத்தான் நானும் கையாண்டிருந்தேன். கல்யாணப் பந்தி மாதிரிதான் அது. சான்று நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள்தான் விருந்தாளிகள், முக்கியத்துவப்படி வரிசையில் நிற்பார்கள். முக்கியமானவர் வந்தால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வேறு இலை தேட வேண்டும். அவர்களுடைய சான்றில் வரிசையில் பத்தாவதாக இருப்பவரை அதிகபட்சம் 511 தடவை எழுப்பலாம், அதற்கு மேல் நிம்மதியாகச் சாப்பிடுவார். என் இரண்டாவது லெம்மாவிலும் அப்படித்தான் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த பேராசிரியர் மெதுவாகக் கேட்டார்: "உங்கள் மூன்றாவது ஆள் எத்தனை தடவை வருவார்?"

சாக்பீஸ் நின்றுவிட்டது. அந்த மூன்றாவது ஆள் வந்துகொண்டே இருப்பார், முடிவே கிடையாது. அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

யாரும் சிரிக்கவில்லை. நெறியாளர், "சரி, காபி குடித்துவிட்டுப் பார்ப்போம்" என்றார். அந்த இடைவேளையில் மூன்று பேர் பலகைக்கு வந்தார்கள். ஒருவர் மரம் ஒன்று வரைந்தார்: மூன்றாமவர் ஓயாமல் வருவார் என்று நம்புகிறவர்களுக்கு இடது கிளையில் பந்தி, ஒருநாள் ஓய்வார் என்று நம்புகிறவர்களுக்கு வலது கிளையில். இன்னொருவர் என் குறியீட்டைத் திருத்தினார். பலகைக்கு வந்த மூவரில் கடைசியாக, ஒரு முதலாண்டு மாணவி, அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அந்தப் படம் இல்லையென்றால் பாதி மறந்திருக்கும். ஆய்வுக்கட்டுரையில் உங்கள் மூவருக்கும் முறைப்படி நன்றி சொல்வேன், ஆனால் அங்கே ஒரு வரிதான் கிடைக்கும்.

என் வழிகாட்டிக்கு: ஓட்டை இருப்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது. தெரிந்தும் அனுப்பினீர்கள் என்றால் அதற்கும் நன்றி.

திருத்திய லெம்மா இப்போது ஆறு பக்கம். கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன். சீனியருக்கு மட்டும் ஒரு தகவல்: உங்கள் ஃபிளாஸ்க் என் பையில்தான் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
இரண்டாவது லெம்மாக்காரன்