பெட்டிக்குள் நாகர்கோவில் வெயில்

உப்சாலா,
டிசம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு மாதமாக எழுதாதவளை நீ திட்டவில்லை. "கைக்கு ஏதும் சுகமில்லையா மக்களே" என்று மட்டும் கேட்டிருக்கிறாய். திட்டியிருக்கலாம்.

இங்கே மூன்று மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. கீழ்வீட்டுக் கிழவிக்கு என்மேல் தீராத வழக்கு. துணி துவைக்கும் அறை எல்லோருக்கும் பொது; நேரம் எழுதிவைத்துத்தான் போக வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் என் கதவில் சீட்டு ஒட்டிவிடுவாள். வாய் திறந்து ஒரு சொல் கிடையாது.

அப்படி என்ன வேலை என்று அப்பா கேட்டாராமே. பாட்டியின் பல்லாங்குழியில் 14 குழி. என் தட்டில் 96. குறுக்கே ஒரு மருந்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவேன், நெடுக்கே இன்னொன்றை. மருந்துக்கு மசியாத கிருமியை அதில் விட்டு, 35 டிகிரிப் பெட்டியில் ஒரு ராத்திரி வைப்பேன். (இந்த ஊரில் நாகர்கோவில் வெயில் அந்தக் கிருமிகளுக்கு மட்டும்தான்.) காலையில் குழி கஞ்சித் தண்ணீர்போல் கலங்கியிருந்தால் கிருமி வளர்ந்துவிட்டது, தெளிந்திருந்தால் மருந்து ஜெயித்தது. ஒவ்வொன்றும் தனியே வேண்டிய அளவில் கால் பங்கு மட்டும் சேர்ந்தே தெளிய வைத்தால் நல்ல ஜோடி. பல ஜோடிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. சில, பெரியப்பாவும் மாமாவும்போல, ஒன்றின் காலை ஒன்று வாரும்.

என் கிருமியிடம் மருந்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டு; அதற்குப் புதுடெல்லியின் பெயர். 2008-இல், டெல்லிக்குப் போய்வந்த ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் கண்டார்களாம். ஊர்ப்பெயரை அதற்கு வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அப்பா கால் புண்ணுக்கு வாங்கிய ஐந்து நாள் மாத்திரையை இரண்டே நாளில் நிறுத்தி, மீதியைக் கோழிக்குப் பொடித்துப் போட்டார் என்று தம்பி எழுதியிருக்கிறான். நான் யாரைக் குறை சொல்ல?

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சோறும் முட்டையும் தினமும் உண்டு. நேற்று கதவில் சீட்டுக்குப் பதில் ஒரு பை தொங்கியது. உள்ளே ஏலக்காய் பன், இரண்டு. பிட்டதும் அண்ணன் கல்யாணப் பந்தியில் இலையில் ஊற்றிய அடைப்பிரதமன் மணம். செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒற்றித் தவணையைத் தை மாதம் சேர்த்து அனுப்புகிறேன். பாங்கில் கொஞ்சம் இழுக்கிறது, வேறொன்றுமில்லை. அதற்காகக் கீழ்விளை ரப்பரை முறித்து விற்கலாம் என்று சித்தப்பா சொன்னால் சம்மதிக்காதே. அண்ணனும் மதினியும் வரும் வரை எதிலும் கையெழுத்துப் போடாதே. அப்பாவின் மாத்திரை அட்டை குப்பையில் இருந்தால் எடுத்து, பெயரைப் படமெடுத்து அனுப்பச் சொல். புண்ணையும் ஒரு படம்.

உன் மகள்