அந்த மேசையை எடுக்காதீர்கள்: நம் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

போன வாரம் வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தீர்கள். 'குடும்ப ஆதரவுச் செயல்பாடுகள் மறுசீரமைக்கப்பட்டு, வளங்கள் எழுத்தறிவுத் திட்டத்தில் முழுமையாக ஒருமுகப்படுத்தப்பட உள்ளன.' பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டிவந்த நாலைந்து பெற்றோர் அதற்கு முன்னால் நின்றுகொண்டு, "என்னங்க போட்டிருக்கு?" என்று என்னைக் கேட்டார்கள். நானே இரண்டு தடவை படித்த பிறகுதான் பதில் சொல்ல முடிந்தது: படிவம், சான்றிதழ் என்று வரும் குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் நம் உதவி மேசையை எடுக்கப் போகிறார்களாம். வாசிக்கக் கற்றுத்தரும் ஓர் அமைப்பு தன் வாசலிலேயே யாருக்கும் புரியாதபடி ஒரு வாக்கியத்தை ஒட்டி வைத்திருக்கிறது. சரி, அதைப் பிறகு பேசுவோம்.

இதைக் கூட்டத்தில் பேசாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம், அந்தக் கூட்டத்தில் அந்தப் பெற்றோர் யாரும் இல்லை. இதில் வரும் சம்பவங்களை எழுதுவதற்குச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டேன். பெயர் போடவில்லை.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். நன்கொடை குறைந்துவிட்டது. பணம் கொடுப்பவர்கள் 'எத்தனை பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள்?' என்றுதான் கேட்கிறார்கள். உதவி மேசையில் அப்படி ஒரு எண் கிடைக்காது. இன்றைக்கு ஒருவர் உதவித்தொகை விண்ணப்பத்தோடு வருவார், நாளைக்கு இன்னொருவர் பள்ளி மாற்றுச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று வருவார், அதற்கு மறுநாள் வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்கிறார் என்று ஒருவர் வந்து நிற்பார். இதற்கு எல்லையே கிடையாது. தன்னார்வலர்கள் களைத்துப்போகிறார்கள். 'நாம் வாசிப்புச் சொல்லித்தரத்தானே வந்தோம்?' என்று அலுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன இரவுகள் எனக்கும் உண்டு. சொல்லப்போனால், ஆறு வருஷத்துக்கு முன் இந்த மேசையைப் போட்டபோது அதற்கு எதிராகப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்குப் பேசியது பழைய குறிப்பேட்டில் இருக்கும், எடுத்துப் பார்க்கலாம்.

என் மனம் மாறியது ஒரு பையனால்.

மூன்றாம் வகுப்புப் பையன். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது அவன் குரலும் கேட்கும், தப்பே இருக்காது. ஆனால் மற்றவர்களைவிட ஒரு நொடி பிந்தித்தான் கேட்கும். எனக்கு அது உறைக்கவே பல வாரம் ஆயிற்று. பக்கத்துப் பையன் சொல்வதைக் காதால் பிடித்து வாயால் விட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் அவனைத் தனியாக உட்கார வைத்து வேறொரு புத்தகத்தைக் கொடுத்தேன். பக்கத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோனான். அப்புறம் மூடிவிட்டு, "வயிறு வலிக்குது டீச்சர்" என்றான். எழுத்துகளையே இன்னும் கற்கவில்லை என்று முடிவு கட்டி, அவனை அடிப்படைக் குழுவுக்கு மாற்றினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அவனுடைய அம்மா வேறு ஏதோ படிவத்துக்காக உதவி மேசைக்கு வந்திருந்தார். அங்கே இருந்த தன்னார்வலர் பேச்சுவாக்கில், "பையனுக்குக் கண் பரிசோதனை பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. எங்கே போவது, யாரைக் கேட்பது, எவ்வளவு ஆகும் என்று எதுவும் தெரியாது. மேசைக்காரர்கள் ஏற்பாடு செய்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கண்ணாடியோடு வந்தவன் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "டீச்சர், இதுக்கு ரெண்டு சுழி, இதுக்கு மூணு சுழியா?" என்றான். னகரமும் ணகரமும் அவனுக்கு அதுவரை ஒரே எழுத்து. அதையே நான் அவனுக்கு நாலு மாதமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், எந்தப் பலனும் இல்லாமல்.

இது ஏதோ ஒரு பையனின் கதை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளில், தேவைப்பட்ட மாணவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. கண்ணாடி போட்ட பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் கூடியது. அதிகம் பின்தங்கியிருந்தவர்களுக்கே அதிகப் பலன். புதுப் பாடத்திட்டம், புது முறை என்று எதையெதையோ தேடுகிறோம். சில பிள்ளைகளுக்கு முதல் பாடமே கண் பரிசோதனைதான். நம் வகுப்பில் அதை யார் கேட்பார்கள்? வகுப்பு எடுப்பவருக்கு இருபது பிள்ளைகள், ஒரு மணி நேரம். கேட்டது மேசை.

இனி பெரியவர்கள். உங்கள் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் யுனெஸ்கோவின் கணக்கைப் போட்டிருக்கிறீர்கள்: உலகில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் இளைஞர்களும் 70 கோடிக்கும் மேல், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பெண்களில் ஒருவராவது 'எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுங்கள்' என்று நேராக நம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. அவர்கள் ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வருவார்கள். "கண்ணாடிய வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். ஆண்களும் இதையேதான் சொல்வார்கள். மூன்றாவது தடவையும் ஒருவர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தால் நமக்குப் புரிந்துவிடும், அவருக்குக் கண்ணாடியே கிடையாது. மேசையில் இருப்பவர் அதைக் காட்டிக்கொள்ளாமல் படிவத்தை நிரப்பித் தருவார். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, "கையெழுத்து மட்டும் நீங்களே போடுங்களேன்" என்று பேனாவை நீட்டுவார். மாலை வகுப்பில் இருக்கும் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த வழியாக வந்தவர்கள். மேசையை எடுத்துவிட்டு வகுப்பைப் பெரிதாக்குவது, வாசலை அடைத்துவிட்டு உள்ளே நாற்காலி கூட்டிப்போடுகிற வேலை.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. மகளின் பள்ளிப் படிவத்தை இந்த முறை தானே நிரப்புவேன் என்று உட்கார்ந்தார். 'தந்தை / தாய் / பாதுகாவலர்' என்று ஒரு வரி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'தேவையற்றதை அடிக்கவும்'. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். ஒரு பிழை இல்லை. நிமிர்ந்து, "யாரை அடிக்கச் சொல்றாங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மறுபடி அந்த வரியைப் பார்த்துவிட்டு, "தேவையில்லாதவரைன்னா எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு, அடிச்சுடட்டுமா?" என்றார். மேசையே சிரித்தது. ஆனால் முதலில் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் வாசிப்பு. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். தமிழில் முதல் பாதி அவ்வளவு கஷ்டம் இல்லை. 247 எழுத்து என்று பயமுறுத்தினாலும், 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டுவிட்டால் மிச்சம் பெரும்பாலும் சேர்க்கைதான். கொம்பும் துணைக்கால்களும் கொஞ்ச நாள் படுத்தும், அவ்வளவுதான். நம்மைப் படுத்துவது இரண்டாவது பாதி. வீட்டில் 'வந்துட்டாங்க', புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. இது போதாதென்று படிவங்களில் மூன்றாவதாக ஒரு தமிழ்: 'மேற்படி', 'நாளது தேதி', 'மேற்கண்ட விவரங்கள் உண்மையென உறுதியளிக்கிறேன்'. இந்த மூன்றாவது தமிழ் எந்தக் கதைப்புத்தகத்திலும் வராது. நம் வகுப்பிலும் வராது. அதைப் பழக்குகிற ஒரே இடம் அந்த மேசை. ஒரு படிவத்தை மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து பிரித்துப் படிக்கிறார்களே, அது எழுத்தறிவு வகுப்பு இல்லாமல் வேறென்ன? நீங்கள் அதை 'குடும்ப ஆதரவு' என்ற தலைப்பில் கணக்கு எழுதுவதால்தான் இந்தக் குழப்பமே.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். இது நமக்குப் பக்கத்தில் நடந்தது, 2013இல் சயின்ஸ் இதழில் வந்தது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேர். அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நேரத்தில் ஒரு தடவை, அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒரு தடவை, அதே ஆட்களுக்கே சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள். காசில்லாத நேரத்தில் மதிப்பெண் குறைந்திருந்தது. அந்த இடைவெளியில் யாருடைய புத்தியும் கூடிவிடவோ குறைந்துவிடவோ இல்லை. பணக் கவலை மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கும் வாரத்தில் ஓர் அம்மாவுக்கு நான் எகர ஏகாரம் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன். தலையை ஆட்டுவார், எதுவும் ஏறாது. யாரைப் பார்க்க வேண்டும், என்ன காகிதம் வேண்டும் என்று அன்றைக்கு மேசையில் அரை மணி நேரம் பேசி அனுப்பியிருந்தால், அடுத்த வாரப் பாடமாவது உருப்பட்டிருக்கும்.

உங்கள் திட்டத்தில் நான் கைதட்டி வரவேற்கும் பகுதியும் உண்டு. பிள்ளைகளை வயதுப்படி பிரிக்காமல் வாசிப்பு நிலைப்படி பிரிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தாமதமாக வந்தாலும் சரியான யோசனை. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 'பால்சகி' என்று அக்கம்பக்கத்து இளம்பெண்களை வைத்து, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தது. பொருளாதார ஆய்வாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ முதலானவர்கள் அதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள், பலன் நன்றாகவே தெரிந்தது. அந்தப் பெண்கள் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் இல்லை, அதே தெருக்களில் வளர்ந்தவர்கள். நம் வகுப்புக்கும் அப்படிப்பட்டவர்கள் வேண்டும் என்றால், அவர்கள் ஏற்கெனவே வந்துபோகும் இடம் எது என்று ஒருமுறை பாருங்கள்.

அதே திட்டத்தில் புத்தக வினியோகத்தை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லியிருப்பது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பெட்டி பெட்டியாக வருவதில் பாதி, விடைகளில் டிக் அடித்த பழைய தேர்வுக் கையேடுகள். ஃப்ளோரிடாவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று கோடை விடுமுறைகளில் தலா 12 புத்தகம் கொடுத்ததில் வாசிப்பு முன்னேறியது என்று 2010இல் ஓர் ஆய்வு வந்தது. அதைத்தான் நீங்களும் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் அங்கே புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது பிள்ளைகள். அந்த வரியை விட்டுவிட்டீர்கள்.

சரி, நான் கேட்பது என்ன? மேசை வாரம் ஐந்து நாள் வேண்டாம், இரண்டு மாலை போதும். அதுவும் வகுப்பு நடக்கிற அதே மாலைகளில். பள்ளிக் காகிதம், படிவங்கள், கண் பரிசோதனை, இவற்றோடு நிறுத்திக்கொள்வோம். வாடகைத் தகராறு போன்றவற்றை நாம் தீர்க்க வேண்டாம், யாரிடம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினால் போதும். பணம் கொடுப்பவர்களுக்கு எண் வேண்டும் என்றால், ஒரு பதிவேடு போடுவோம்: இன்றைக்கு மேசைக்கு வந்தவர் யார், அவரோ அவர் பிள்ளையோ பிற்பாடு வகுப்பில் சேர்ந்தார்களா என்று. அந்தப் பதிவேட்டை எழுதும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன். பெயர் பதிந்த பிள்ளைகளுக்கு மட்டுமே அனுமதி என்ற புது விதியையும் தயவுசெய்து கைவிடுங்கள். தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் அக்காக்கள் நம்மிடம் குறைந்தது நாலு பேர். கைக்குழந்தைக்கு அனுமதி இல்லை என்றால் அக்காவும் வரமாட்டாள். சத்தமாகத்தான் இருக்கும், சமாளிப்போம்.

அப்புறம், வாசல் அறிவிப்பு. எந்த முடிவு எடுத்தாலும், ஒட்டுவதற்கு முன் மாலை வகுப்பில் இருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்குப் புரிந்தால் ஒட்டலாம்.

யாரிடம் கொடுப்பது என்றால், 'யாரை அடிக்கணும்' என்று கேட்ட அதே அம்மாவிடம் கொடுக்கலாம். இந்த வருஷத் தொடக்கத்திலிருந்து வியாழக்கிழமைகளில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். மற்றவர்களுக்குப் படிவம் படித்துச் சொல்கிறார். அந்த வரி வந்தால், "இது கோடு போட்டு அடிக்கறது, பயப்படாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். மேசை போகப்போகிறது என்று அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. உங்கள் முடிவு மாறாது என்றால், அதை அவருக்குக் கடிதமாகவே கொடுத்துவிடுங்கள். இப்போது அவர் தானே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
செவ்வாய், வியாழன் மாலை வகுப்புகளின் தன்னார்வலர்