தேயிலை விலை ஏறவில்லை, குறைந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார மாணவர் பக்கத்தில் அமெரிக்கப் புரட்சி பற்றிய கட்டுரை படித்தேன். எளிமையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் அரசு தேயிலை விலையை ஏற்றியதால் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்று வந்திருப்பது தவறு. பிள்ளைகள் இதையே மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவார்கள் என்பதால் சும்மா இருக்க மனம் வரவில்லை.

1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தால் அங்கே விலை குறைந்தது. டச்சுக்காரர்களிடமிருந்து திருட்டுத்தனமாக வந்த சரக்கைவிடவும் கம்பெனித் தேயிலை மலிவாகக் கிடைக்கும் நிலை. அப்புறம் ஏன் டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள்? அந்த விலைக்குள் ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி இருந்தது. கொடுத்து வாங்கிவிட்டால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத லண்டன் நாடாளுமன்றத்துக்குத் தங்கள்மீது வரி போடும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். விற்பனையும் கம்பெனி நியமித்த சில வணிகர்களின் கைக்குப் போனது. மற்றவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது.

அந்தக் கம்பெனி நமக்குத் தெரியாததல்ல. நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான். கடனில் மூழ்கி, லண்டன் கிடங்குகளில் தேயிலை தேங்கிக் கிடந்த நேரத்தில் அதைக் கைதூக்கிவிடத்தான் இந்தச் சட்டமே வந்தது. 1770 வங்காளப் பஞ்சத்தில் மக்கள் செத்து விழுந்தபோதும் கம்பெனி வரி வசூலை விடவில்லை என்ற செய்தி கடல் கடந்து போயிருந்தது. வங்காளத்துக்குச் செய்ததை நாளை நமக்கும் செய்வார்கள் என்று பிலடெல்பியா நகர வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன் அப்போதே எழுதி எச்சரித்தார். நம் மாணவர்களுக்கான கட்டுரையில் இது விடுபட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

1765ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்துக்குக் கட்டுரையில் ஒரே வரி. பிரெஞ்சுக்காரர்களுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைச் செலவுக்காகப் போட்ட வரி இது. பத்திரம் பதிய முத்திரைத்தாள் வாங்குவது போலத்தான், ஆனால் அங்கே செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை வேண்டும். பத்திரிகையில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங். வழக்கறிஞர்களையும் அச்சகத்தாரையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்டார்கள். ஊருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்களே அவர்கள்தானே! சட்டம் அமலாவதற்கு முந்தைய நாள் பென்சில்வேனியா ஜர்னல் தன் முதல் பக்கத்தைக் கறுப்புக் கட்டம் கட்டி, மண்டையோடு போட்டு, கல்லறைக் கல் வடிவத்தில் அச்சடித்தது.

எதிர்ப்பு தாங்காமல் 1766இல் அதை ரத்து செய்தார்கள். சரி, அத்துடன் பிரச்சினை தீர்ந்தது என்கிறது கட்டுரை. தீரவில்லை. அதே மார்ச் 18ஆம் தேதி, தங்கள் ஆட்சிக்குட்பட்ட அமெரிக்கக் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டத்தையும் இயற்றத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டத்துக்கும் ஒப்புதல் வாங்கிக்கொண்டார்கள். மறு ஆண்டே கண்ணாடி, காகிதம், ஈயம், சாயம், தேயிலை என வரி திரும்பி வந்தது.

தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாக 1774இல் பிரிட்டிஷ் அரசு பாஸ்டன் துறைமுகத்தை மூடியதுதான் மற்றக் குடியேற்றங்களையும் பாஸ்டனுடன் சேர்த்துவிட்டது. தென் கரோலினா அரிசி அனுப்பியது. கனெக்டிகட்டிலிருந்து ஆடுகளை ஓட்டி வந்து கொடுத்தார்கள்.

இன்னொன்று. "மக்கள் அனைவரும் ஒன்றுதிரண்டனர்" என்பதும் சரியல்ல. பிரிட்டிஷ் பக்கமே நின்றவர்கள் ஏராளம். 1775 நவம்பரில், கிளர்ச்சிக்காரர்களிடம் அடிமைகளாக இருப்பவர்கள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் அறிவித்ததும், நூற்றுக்கணக்கான கறுப்பின மக்கள் தப்பி ஓடி அவரிடம் சேர்ந்தார்கள். அவர்கள் தேடியதும் விடுதலைதான்.

அடுத்த வார மாணவர் பக்கத்திலேயே, தேயிலை விலை பற்றிய வரிக்காவது ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகி,
விருத்தாசலம்